ஆறு பேருக்கு ஐந்து துண்டு

எங்கள் அலுவலகக் குழு வழக்கமாகப் போகும் இசகாயா, அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடுகிற ஜப்பானியக் கடை, டோக்கியோவில் கான்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே வண்டி போகும்போதெல்லாம் மேஜையில் குவளைகள் லேசாக நடுங்கும். புதிதாக வந்தவர்கள் நிலநடுக்கமோ என்று தொங்கும் விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தக் கடையில் கராகே, அதாவது பொரித்த கோழி, ஒரு தட்டுக்கு ஐந்து துண்டு வரும். நாங்கள் ஆறு பேர். ஏழு வருடமாக இந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டு தட்டு சொன்னால் பத்து. ஆளுக்கு ஒன்று போக நாலு மிச்சம். மூன்று தட்டு சொன்னால் பதினைந்து. ஆளுக்கு இரண்டு போக மூன்று மிச்சம். சரியாக வர வேண்டுமென்றால் ஆறு தட்டு சொல்ல வேண்டும். முப்பது துண்டுக் கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழி மட்டுமல்ல. சுருட்டிச் சுட்ட முட்டையை நாலாக வெட்டி வைப்பார்கள். யாகிதோரி, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, ஐந்து வகை சொன்னால் வகைக்கு ஒரு குச்சி வரும். இது பகிர்ந்து சாப்பிடுகிற இடம் என்று சொல்லித்தான் என்னை முதலில் கூட்டிப்போனார்கள். பகிர்வதற்கென்றே இருக்கிற கடையில் எதுவும் ஏன் வகுபடவே மாட்டேன் என்கிறது என்று நான் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை.

கோவில்பட்டியில் எங்கள் ஆச்சி வீட்டில் வடை சுட்டால், மாவு ஆட்டும்போதே தலைக்கணக்கு முடிந்திருக்கும். "ஆளுக்கு ரெண்டு." அவ்வளவுதான். மூன்றாவது வேண்டும் என்றால் ஆச்சியிடம் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும், கிடைக்காது, அது வேறு. ஆனால் பொதுத் தட்டு ஒன்றை நடுவில் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஆச்சி நகர்ந்து நான் பார்த்ததில்லை. நம்மிடம் பந்தி உண்டு, இலை உண்டு, பரிமாற ஆள் உண்டு. நம் வேலை உட்கார்வதும், போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை மறைப்பதும், மறைத்த கையையும் மீறி விழுகிற கரண்டியை ஏற்றுக்கொள்வதும்தான். முப்பது வயது வரைக்கும் ஒரு பொதுப் பாத்திரத்திலிருந்து எனக்கு எவ்வளவு என்று நானே முடிவெடுத்து எடுத்ததில்லை என்பது எனக்கே கான்டாவில்தான் தெரிந்தது.

அதனால் முதல் இரண்டு வருடம் நான் எடுக்கவே இல்லை. பெரிய தட்டுகள் வரும். எல்லாரும் தோரிசாரா என்கிற உள்ளங்கை அகலச் சின்னத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். நான் என் முன்னால் இருக்கிற அவரைப் பிஞ்சு மாதிரியான எடமாமேயை உரித்துக்கொண்டிருப்பேன். எடமாமே மட்டும்தான் எனக்கு ஒத்துவந்தது. அதில் யாரும் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. தோலைப் போட ஒரு கிண்ணமும் இருக்கும். இரண்டு மணி நேரம் முடிந்ததும் கணக்கு வரும். வாரிகான், தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பார்கள். 4,000 யென்னுக்கு எடமாமே தின்றுவிட்டு, ஓத்தேமாச்சி வரை நடந்து, தோசாய் தடத்து ரயில் பிடித்து, நிஷிகசாயில் இறங்கி, இரவு பதினொரு மணிக்கு அறையில் தயிர் சாதம் பிசைந்து தின்ற நாட்கள் எத்தனை என்று எண்ணவில்லை. நிஷிகசாயில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இதைப் படிக்கிற சிலர் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேட்காமலே வந்து பில்லில் ஏறுகிற ஓதோஷியைப் பற்றி நம்மவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது புலம்பியிருப்பார்கள். உட்கார்ந்ததும் சூடான கைத்துண்டோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த சேப்பங்கிழங்கோ கடற்பாசியோ வரும். 300, 400 யென். எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. அந்த ஒன்று மட்டும்தான் ஆளுக்கு ஒன்று. ஆச்சி கணக்கு.

எச்சிலும் எலுமிச்சையும்

எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன், அதனால் கூச்சப்படுகிறான் என்று நண்பர்கள் எனக்குச் சார்பாகச் சொல்வதுண்டு. ஓரளவு உண்மைதான். செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழகியவனுக்கு, ஆறு பேரின் சாப்பிடும் குச்சிகள் ஒரே தட்டுக்குள் போய் வருவதைப் பார்ப்பது முதலில் கஷ்டம்தான். ஆனால் ஜப்பானியர்களுக்கும் இதில் ஒரு கூச்சம் உண்டு. எடுப்பதற்கென்று தனிக் குச்சி கேட்டு வாங்குவார்கள். சிலர் தங்கள் குச்சியைத் திருப்பிப் பிடித்து, வாய் படாத முனையால் எடுப்பார்கள். அதுவும் முறையல்ல என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கை பட்ட முனை அல்லவா. கடைசியில் கூட்டத்தில் யாராவது ஒருவர், "நேராகவே எடுத்துக்கொள்ளலாம், பரவாயில்லைதானே?" என்பார். எல்லாரும் பரவாயில்லை என்பார்கள். அந்த நொடியில் மேஜையில் ஏதோ ஒன்று தளரும். அலுவலகத்தில் வருடக்கணக்காகக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் எச்சில் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வே கிடையாது. ஒருவர் குச்சியால் நீட்டுவதை இன்னொருவர் குச்சியால் வாங்கக் கூடாது. எனக்கு யாரோ ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயை நீட்ட, நான் பவ்வியமாகக் குச்சியை நீட்டினேன். மேஜை முழுக்க "ஆ!" என்றது. தகனம் முடிந்ததும் குடும்பத்தார் எலும்பைக் குச்சிகளால் எடுத்து, குச்சியிலிருந்து குச்சிக்குக் கைமாற்றிக் கலயத்தில் வைப்பார்கள். காடாற்றுக்குப் போய் எலும்பு பொறுக்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. தட்டை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

எலுமிச்சை விவகாரம்தான் எனக்குப் பெரிய அவமானம். கராகே தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை வைத்திருப்பார்கள். எதையுமே எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, உதவியாவது செய்வோம் என்று அதை எடுத்து ஐந்து துண்டுகள் மேலும் பிழிந்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மொறுமொறுப்பு போய்விடும் என்கிறவர்கள், எலுமிச்சையே ஆகாது என்கிறவர்கள், பிழியாமல் கராகேயா என்கிறவர்கள் என்று இந்த நாட்டில் இது ஓயாத வழக்கு என்று பிறகு அறிந்தேன். கேட்காமல் பிழிவது குற்றம் என்பதில் மட்டும் எல்லாத் தரப்புக்கும் ஒரே கருத்து. அதிலிருந்து எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பிழியலாமா என்று கேட்பதும் சங்கடம், கேட்காமல் பிழிவதும் சங்கடம். ஆகவே எலுமிச்சை வந்தபடியே தட்டின் ஓரத்தில் கிடந்து, வந்தபடியே திரும்பிப் போகும்.

அப்புறம் அந்த ஐந்தாவது துண்டு. நாலு பேர் எடுத்திருப்பார்கள். மீதி ஒன்று, எடுக்காதவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். துண்டு ஆறிப்போகும். இதற்கு ஒசாகா இருக்கிற கன்சாய் பக்கத்தில் ஒரு பெயரே இருக்கிறது: என்ர்யோ நோ கதமாரி. தமிழில் கூச்சக் கட்டி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாருடைய கூச்சமும் சேர்ந்து இறுகி ஒரு துண்டுக் கோழியாகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. குமமோத்தோவில் இதையே தங்கள் ஊரின் பழைய பெயரைப் போட்டு 'ஹிகோவின் ஒற்றை மிச்சம்' என்பார்கள். டோக்கியோ இருக்கிற கான்தோ பக்கத்திலும் 'கான்தோவின் ஒன்று மீதி' என்று உண்டு. ஊருக்கு ஊர் இது எங்கள் குணம் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். எங்கள் மேஜையில் முட்டைச் சுருளின் கடைசித் துண்டை ஒருவர் பாதியாக வெட்டி எடுத்தார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதில் பாதி. கடைசியில் கடுகளவு முட்டை ஒன்று தட்டின் நடுவில் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று பரிமாறுகிற பையன் வந்தபோதுதான் அதற்கு விடுதலை கிடைத்தது.

இவர்களும் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்

இவர்களுக்குப் பகிர்வது ரத்தத்திலேயே ஊறியது, எனக்குத்தான் வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இசகாயா பழைய சமாச்சாரம்தான். சாராயம் விற்கிற கடை 'சகாயா'. அங்கேயே தங்கிக் குடிப்பதால் முன்னால் ஒரு 'இ'. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1811இல் எடுத்த கணக்கிலேயே இப்படி 1,808 கடைகள் இருந்தன. ஆனால் அந்தக் கடைகளின் சித்திரங்களைப் பார்த்தால் நடுவில் மேஜையே இருக்காது. பலகையிலோ மேடையிலோ அவரவர் உட்கார்ந்து, பக்கத்தில் அவரவர் தட்டை வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஆளுக்கொரு சின்னப் பெட்டி. உள்ளே அவருடைய கிண்ணம், அவருடைய குச்சி. மூடியைக் கவிழ்த்துப் போட்டால் அதுவே சாப்பாட்டுப் பலகை. சாப்பிட்டதும் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அலசிக் குடித்துவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். குடும்பம் மொத்தமும் ஒரே வட்ட மேஜையைச் சுற்றி உட்காரும் பழக்கம் பரவியது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான். நம் வாழையிலைக்கு இதைவிட நெருங்கிய உறவுக்காரன் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு நாம் பார்க்கிற இசகாயா, பெரிய தட்டும் படம் போட்ட மெனுவும் பழச்சாறு கலந்த பானமுமாக மாணவர்களும் பெண்களும் கூட்டமாக உட்கார்ந்திருக்கிற இடம், இன்னும் புதிது. சங்கிலிக் கடைகள் வளர்ந்த பிறகு வந்தது. அவற்றில் ஒன்றான த்சுபோஹாச்சி 1973இல் சப்போரோவில் எட்டு த்சுபோ இடத்தில் ஆரம்பித்தது. பெயரே 'எட்டு த்சுபோ' என்பதுதான். நம் கணக்கில் முன்னூறு சதுர அடிகூட வராது. அவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்தால் பகிராமல் என்ன செய்வது என்று நினைத்துக்கொள்வேன். இது என் ஊகம்தான்.

கொரோனா வந்தபோது அரசின் நிபுணர் குழு 2020 மே மாதம் 'புதிய வாழ்க்கை முறை' என்று ஒரு பட்டியல் தந்தது. பெரிய தட்டைத் தவிருங்கள், உணவு தனித்தனியாக. எதிரெதிரே வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொடுக்க வேண்டாம். சாப்பாட்டில் கவனம் வையுங்கள், பேச்சைக் குறையுங்கள். இசகாயாவில் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தடுத்தால் என்ன வருமோ அதுதான் அந்தப் பட்டியல். படித்ததும் எனக்குப் பந்தி ஞாபகம்தான் வந்தது. ஒரே பக்கமாக வரிசை, தனி இலை, பேசாமல் சாப்பிடு.

ககுஜி தே

கொரோனா ஓய்ந்து மறுபடி கான்டாவுக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு எல்லாம் சுலபமாகிவிட்டிருந்தது. காரணம், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். எங்களில் இளையவர். உட்கார்ந்ததும் சீசர் சாலட் வரும். மேலே பாதி வெந்த முட்டை ஒன்று தளதளவென்று இருக்கும். அவர் முட்டையை உடைத்துக் கலக்கி, இடுக்கியால் ஆறு சின்னத் தட்டில் சமமாகப் பிரித்து, ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார். கோழி வந்தால் ஆளுக்கொன்று வைத்துவிட்டுத் தனக்கு இல்லை என்பார். யாகிதோரி வந்தால் குச்சியிலிருந்து உருவிப் போடுவார். இறைச்சியைக் குச்சியோடு சாப்பிடும்படி கெஞ்சி எழுதி ஒட்டியிருக்கிற கடைக்காரர்கள் உண்டு. எங்கள் கடையில் அப்படி ஒட்டவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் இசகாயாவில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். தட்டு காலியானால் தானாக நிறைந்தது. போதும் என்று கையை மறைத்தேன்கூட. வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று ஒருநாள் அவரிடமே சொன்னேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை. ஆறு பேர். முதல் பியர் வந்தது, குவளைகளை இடித்துக்கொண்டோம், சாலட் வந்தது. அவர் கையை மடியிலேயே வைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. "க்யோவா ககுஜி தே" என்றார். இன்றைக்கு அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குழுத் தலைவர் அவசரமாக, "ஆமாம் ஆமாம், ககுஜி, ககுஜி" என்றார். எல்லாரும் ஆமாம் என்றோம். அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் இருக்கும்? இரண்டு ரயில் மேலே போனது. முட்டை குவளைகளோடு சேர்ந்து நடுங்கியது. மேஜையில் இருந்த ஐந்து பெரிய ஆண்களும் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு பேர், ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கோடிக்கணக்கான யென் பெறும் கணினி அமைப்பை நள்ளிரவில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஏற்றுகிறவர்கள். கடைசியில் நான்தான் இடுக்கியை எடுத்தேன். தைரியம் எல்லாம் இல்லை. இடுக்கி என் பக்கம் இருந்தது. முட்டையை உடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியே தூக்கினேன். அது முழுசாக வழுக்கிக் குழுத் தலைவரின் தட்டில் போய் உட்கார்ந்தது. அவர் மரியாதையாகத் தலைகுனிந்து நன்றி சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு ரொட்டித் துண்டுகள் மட்டும் கிடைத்தன.

அன்றைக்கு ஓத்தேமாச்சி வரை அந்தப் பெண்ணும் நானும் ஒன்றாக நடந்தோம். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார். ஆறு தட்டு பிரித்து முடிப்பதற்குள் பியரில் நுரை போய்விடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டு வரும்போதும் இப்படித்தான். ஒரு பேச்சையும் ஆரம்பத்திலிருந்து கேட்டதில்லை. எந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று தெரியாமலே ஒன்றரை வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம், "நீங்கள்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வீர்கள்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜப்பானிய மொழியில் எனக்கு அந்த அளவு பிடிபடாது.

ரயிலில் நின்றுகொண்டு வரும்போது ஆச்சி வீட்டு வடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு. தாத்தா, பெரியப்பா, அப்பா, அம்மா, பெரியம்மா, நாங்கள் நாலு பிள்ளைகள். பதினெட்டு. ஆச்சியைச் சேர்த்தால் இருபது வர வேண்டும். கூடையில் எத்தனை இருந்தது? ஞாபகமே இல்லை. ஆச்சி வடை தின்று பார்த்த ஞாபகமும் இல்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் எதற்குச் சிரித்தோம் என்று அடுப்படியில் இருந்த ஆச்சிக்குத் தெரிந்திருக்குமா என்பது அதுவரை எனக்கு வராத கேள்வி. 'வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது' என்று நான் சொன்னது பொய்யில்லை. ரொம்பச் சரியாகவே சொல்லியிருக்கிறேன்.

சாலட் பிரிப்பதைப் பெண்ணின் லட்சணம் என்று இங்கே பல காலம் பாராட்டி வந்திருக்கிறார்கள். அதைக் கேலி செய்வதும் எதிர்ப்பதும் இப்போது சகஜம். செய்தித்தாள் படிக்கிற எனக்கு இது தெரியாததில்லை. அப்படியானால் எங்கள் மேஜையில் நடந்ததை நான் ஏன் பார்க்கவில்லை? அது அவர்கள் பிரச்சினை, நான் கூச்சப்படுகிற வெளியூர்க்காரன் என்று எனக்கு நானே ஒரு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கூச்சம் என்று சொல்லிக்கொண்டு இருந்தால் யாராவது பரிமாறிவிடுவார்கள். முதல் இரண்டு வருடம் எடமாமே உரித்துக்கொண்டு நான் காத்திருந்தது அதற்காகத்தானோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. அவ்வளவு மோசமாகவும் என்னை நினைத்துக்கொள்ள விருப்பமில்லை.

இப்போது எங்கள் மேஜையில் ககுஜி நிலைத்துவிட்டது. அழகாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சாலட் பாதி மிஞ்சுகிறது. குழுத் தலைவர் தனக்குப் பிடித்த கோழித்தோல் குச்சி இரண்டைக் கூச்சமில்லாமல் எடுத்துவிடுகிறார். நான் முதலில் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முட்டையை உடைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். கூச்சக் கட்டி மட்டும் போகவில்லை. அது யார் சொல்லியும் போகாது போலிருக்கிறது.

போன மாதம் போயிருந்தபோதும் அப்படித்தான். கடைசி ஆர்டர் முடிந்து, சோற்று உருண்டை சுட்டது வந்து, அதுவும் தீர்ந்தது. கராகே தட்டில் ஒரு துண்டு. பக்கத்தில் யாரும் தொடாத எலுமிச்சை. தட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று பையன் வந்து நின்றான். ஐந்து பேரும் சுவரில் மெனுவைப் படிக்க ஆரம்பித்தோம். அந்தப் பெண் மட்டும் கையை நீட்டி, ஒரு நிமிடம் என்றார். எலுமிச்சையை எடுத்தார். யாரிடமும் கேட்காமல், சாறு விரலில் வழிய வழிய, முழுவதையும் அந்த ஒற்றைத் துண்டின் மேல் பிழிந்தார். தின்றுவிட்டுத் தட்டை அவரே பையனிடம் கொடுத்தார்.